கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது

எங்கள் கடையில் ஆல்கஹால் இல்லாத அலமாரி ஒன்றுகூடக் கிடையாது. சொன்னவுடன் மதுக்கடை என்று நினைத்துவிட வேண்டாம். கொருக்குப்பேட்டையில் நான் நடத்துவது ஒரு சின்ன மருந்துக்கடை. ஊசி போடுமுன் துடைக்கிற ஸ்பிரிட், கொரோனாவுக்குப் பிறகும் சிலர் விடாமல் வாங்கும் சானிடைசர், உதட்டு வெடிப்புக்குக் கிளிசரின், இனிப்புக்காகச் சர்பிட்டால் சேர்த்த 'சுகர் ஃப்ரீ' சிரப், தலைவலித் தைலத்தில் மூக்கைத் துளைக்கும் மென்தால், எல்லாமே வேதியியல் கணக்கில் ஆல்கஹால்தான். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் பார்த்துப் பயப்படுகிறோமே கொலஸ்ட்ரால், அதுவும் அந்த வம்சம்தான்.

பிளஸ் டூ வேதியியலில் படித்தது ஞாபகம் இருக்கலாம். கார்பனோடு ஓர் ஆக்சிஜன், அந்த ஆக்சிஜனோடு ஒரு ஹைட்ரஜன். இந்த ஹைட்ராக்சில் தொகுதி கார்பனில் ஒட்டிக்கொண்டால் ஆல்கஹால். ஒரு கார்பன் என்றால் மெத்தனால். இரண்டு என்றால் எத்தனால், அதாவது குவார்ட்டர் பாட்டிலில் இருப்பது. மூன்று கார்பனில் நடுக் கார்பனோடு அது ஒட்டியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், சானிடைசரில் வருவது. ஒன்றுக்குப் பதில் இரண்டு ஹைட்ராக்சில் இருந்தால் கிளைக்கால். மூன்று இருந்தால் கிளிசரின். இதில் புரொப்பிலீன் கிளைக்கால் என்பது நம் மணலியிலேயே தயாராகிற சரக்கு. சிரப்பில் மருந்தைக் கரைக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அந்த ஹைட்ராக்சில் தொகுதிக்குத் தண்ணீர் என்றால் உயிர். அதனால்தான் எத்தனாலும் தண்ணீரும் எந்த அளவில் ஊற்றினாலும் கலந்துவிடுகின்றன. மூலக்கூறு சின்னது என்பதால் வயிற்றுச் சுவர், சிறுகுடல், மூளையைக் காக்கிற தடுப்பு என்று எதுவும் அதை நிறுத்துவதில்லை. குடித்த கொஞ்ச நேரத்தில் உடம்பில் எங்கெல்லாம் தண்ணீர் இருக்கிறதோ அங்கெல்லாம் அது இருக்கும்.

இந்தக் குடும்பத்தில் யார் சாது, யார் கொலைகாரன் என்று பாட்டிலைப் பார்த்துச் சொல்ல முடியாது. நிறமும் வாசனையும் ருசியும் நம்மை நன்றாக ஏமாற்றும். வெவ்வேறு ஆல்கஹால்களைக் கல்லீரல் கிட்டத்தட்ட ஒரே விதமாகத்தான் நடத்துகிறது, ஒரே நொதியிடம்தான் அனுப்புகிறது. அந்த நொதியிலிருந்து வெளியே வருவது என்ன என்பதில்தான் உயிரே இருக்கிறது. கவுன்டருக்குப் பின்னால் நின்று நான் பார்த்த முக்கால்வாசிப் பிரச்சினைகள் இந்த ஒரு இடத்தில் வந்து முடிகின்றன.

முதலில் குவார்ட்டர் கணக்கு.

எண்ணூர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். கடை திறக்கும்போதே வந்து நெஞ்செரிச்சலுக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று வாங்குவார். ஒருநாள் "நேத்து நைட்டு ஒரே ஒரு குவார்ட்டர்தான்மா, அதெல்லாம் அப்பவே இறங்கிடுச்சு" என்றார். நான் பில் தாளைத் திருப்பிப் போட்டு எழுதிக் காட்டினேன். 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கிறது. பெருக்கினால் 77 மில்லி சுத்த எத்தனால். எத்தனால் தண்ணீரைவிட லேசானது, மில்லிக்கு 0.789 கிராம். ஆக, கிட்டத்தட்ட 61 கிராம். 10 கிராமை ஒரு அளவு என்று வைத்துக்கொண்டால், 'ஒரே ஒரு' குவார்ட்டரில் ஆறு அளவு இருக்கிறது.

இதை உடம்பு எடையோடு பொருத்திப் பார்க்க ஒரு வாய்ப்பாடு உண்டு. ஸ்வீடன்காரரான எரிக் விட்மார்க் 1930-களில் கொடுத்தது. 65 கிலோ ஆணுக்கு, காலி வயிற்றில், ஒரு குவார்ட்டர் 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 140 மில்லிகிராம் வரை கொண்டுபோகும். மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பது 30. மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் வீதம் குறையும். ராத்திரி பதினொரு மணிக்குக் குடித்துவிட்டு விடியற்காலை நாலு மணிக்கு அவர் வண்டியை எடுத்தால், ரத்தத்தில் இன்னும் 60-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். சட்ட வரம்பைப்போல இரண்டு மடங்கு. நாற்பதடி கன்டெய்னர், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு, லேசான தூக்கம் வேறு.

அண்ணன் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மோர் குடிச்சா?" என்றார். மோர், எலுமிச்சை, கட்டங்காப்பி, தலைக்குக் குளியல் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. கல்லீரலில் இருக்கும் நொதி கொஞ்சம் எத்தனாலிலேயே நிரம்பிவிடும். அதற்கு மேல் எவ்வளவு வந்தாலும் அது தன் வேகத்தில்தான் வேலை செய்யும். காப்பி தூக்கத்தைக் கலைக்கும், அவ்வளவுதான். போதையில் இருப்பவன் முழித்துக்கொண்டு இருப்பான்.

பீர் குடிப்பவர்களுக்கு ஒரு நினைப்பு, தாங்கள் வேறு ஜாதி என்று. 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் எட்டு சதவீதம் இருந்தால் 41 கிராம். இரண்டு பாட்டில் குடித்தால் குவார்ட்டரைத் தாண்டிவிடும். கல்லீரலுக்குத் தெரிந்தது கிராம் கணக்கு மட்டும்தான். அது பீரா பிராந்தியா, இம்போர்ட்டடா லோக்கலா என்பதெல்லாம் குடிக்கிறவருக்கும் விற்கிறவருக்கும் உள்ள பேச்சு.

சரி, கல்லீரல் இந்த 61 கிராமை என்ன செய்கிறது? ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி எத்தனாலில் இருந்து இரண்டு ஹைட்ரஜனைப் பிடுங்கிவிடும். மிஞ்சுவது அசிட்டால்டிஹைடு. இது எத்தனாலைவிடப் பல மடங்கு முரட்டுப் பயல். புரதங்களில் ஒட்டும், மரபணு இழையில் ஒட்டும். அடுத்த நொதி ஓடிவந்து இதை அசிட்டேட்டாக மாற்றிவிடுவதால்தான் குடித்தவர் மறுநாள் எழுந்து நடமாடுகிறார். அசிட்டேட் அப்புறம் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் போய்விடும்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மதுவை 1988-லேயே முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதில் பெரிய பங்கு இந்த அசிட்டால்டிஹைடுக்கு. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று பட்டியல் நீளும். எங்கள் ஏரியாவில் இதோடு பாக்கும் புகையிலையும் கலந்த மாவா சேர்கிறது. 2013-லிருந்து தடை, ஆனால் எங்கே கிடைக்கும் என்று ஏழாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். கன்னத்தில் மாவாவை அதக்கிக்கொண்டே குடிப்பவர்கள் இருக்கிறார்கள். எத்தனால் நல்ல கரைப்பான். புகையிலையில் இருக்கும் விஷத்தை வாயின் உட்தோல் வழியாக உள்ளே இழுத்துக்கொண்டு போகும். வாயில் வாழும் கிருமிகளும் அங்கேயே எத்தனாலை அசிட்டால்டிஹைடாக மாற்றும். இரண்டும் சேரும்போது ஆபத்து கூட்டல் கணக்கில் இல்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. "வாய் முழுசா திறக்க மாட்டேங்குது, ஏதாவது ஜெல் குடுங்கக்கா" என்று வருகிற முப்பது வயதுப் பையன்களைப் பார்த்தால் வயிறு கலங்கும். ஜெல் எடுத்துக் கொடுக்காமல் பல் ஆஸ்பத்திரிக்குத் துரத்திவிடுவேன்.

பிடுங்கிய ஹைட்ரஜன் எங்கே போகிறது என்பது இன்னொரு கதை. செல்லுக்குள் அதைச் சுமக்கும் ஒரு துணைப்பொருள் இருக்கிறது. குடித்த இரவில் அது மொத்தமும் ஹைட்ரஜனால் நிரம்பி நிற்கும். அந்த நிலையில் கல்லீரலால் கொழுப்பை எரிக்க முடியாது, சேர்த்து வைக்கும். இப்படித்தான் கொழுப்புக் கல்லீரல் தொடங்குகிறது. வலிக்காது, ஒன்றும் தெரியாது. இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும். தொடர்ந்தால் அழற்சி, அப்புறம் தழும்பு, அப்புறம் கல்லாகிப்போன சிரோசிஸ். ரத்தம் கல்லீரலுக்குள் நுழைய வழியில்லாமல் உணவுக்குழாயின் சிரைகள் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். சிரை வீங்கி ஒருநாள் வெடிக்கும். ரத்தவாந்தி என்று ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுவதை எங்கள் தெருவில் பார்க்காத வீடு குறைவு.

அதே ஹைட்ரஜன் நெருக்கடியில் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்வதும் நின்றுவிடும். இது சர்க்கரை நோயாளிகளுக்கு முக்கியம். இன்சுலின் போட்டுக்கொண்டோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போட்டுக்கொண்டோ சாப்பிடாமல் குடித்துவிட்டுப் படுத்தால், நடுராத்திரியில் சர்க்கரை தரை தட்டும். வியர்வை, உளறல், தடுமாற்றம், மயக்கம். பார்க்கிற யாரும் போதை என்றுதான் நினைப்பார்கள். "மப்புல கெடக்குறாரு, காலையில எழுந்துடுவாரு" என்று போர்வையைப் போர்த்திவிடுவார்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் தயவுசெய்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். ஆள் மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பாராசிட்டமால் விஷயமும் இப்படித்தான். தினமும் குடிக்கிற கல்லீரலில் பாராசிட்டமாலை விஷப்பொருளாக மாற்றும் நொதி அதிகமாகியிருக்கும், அந்த விஷத்தை அடக்குகிற குளுட்டாதயோன் குறைந்திருக்கும். லாரி அண்ணன் தலைவலிக்கு மாத்திரை கேட்டால் நான் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறேன் என்று அவருக்கு இப்போது தெரியும்.

'அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது' என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. உடம்பு கெட்டுக் குடியை விட்டவர்களையும் 'குடிக்காதவர்' பக்கம் சேர்த்து எண்ணியதால் வந்த கோளாறு அதில் நிறைய உண்டு. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார அமைப்பு சொல்லிவிட்டது. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

இனி மெத்தனால். ஒரே ஒரு கார்பன்தான் குறைவு. அதே நொதி, அதே வேலை. ஆனால் வெளியே வருவது ஃபார்மால்டிஹைடு, பிரேதம் கெடாமல் வைக்கிற ஃபார்மலினில் இருப்பது. அது வேகமாக ஃபார்மிக் அமிலமாக மாறும். இந்த ஃபார்மிக் அமிலத்தை அப்புறப்படுத்த மனித உடம்புக்கு ஃபோலேட் வேண்டும், நேரமும் வேண்டும். அதுவரை அது ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போய், செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிக் கட்டத்தையே அடைத்துவிடும். மூச்சு ஓடும், ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், செல்லுக்கு மட்டும் அது உதவாது. ஆக்சிஜனுக்கு அதிகம் ஏங்கும் இடங்களில் ஒன்று கண் நரம்பு. அதனால்தான் முதலில் பார்வை மங்குகிறது, வெள்ளைப் புகை மூட்டம்போலத் தெரிகிறது, அப்புறம் இருட்டிவிடுகிறது. 30 மில்லிகூட உயிரைக் குடித்திருக்கிறது.

கொடுமை என்னவென்றால் இது உடனே தெரியாது. மெத்தனாலும் முதலில் லேசான போதைதான் தரும். அமிலம் சேர பன்னிரண்டிலிருந்து இருபத்துநாலு மணி நேரம் ஆகும். எத்தனாலும் கலந்திருந்தால் இன்னும் தாமதம். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரரும் மச்சானும் அதே பாக்கெட்டை வாங்கிக் குடித்திருப்பார்கள். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் 20-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் ஆரம்பித்து 60-க்கும் மேல். கருணாபுரத்துச் செய்தி வந்த வாரம் எங்கள் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நம்ம ஏரியாவுல கெடைக்கிறதுல கலப்படம் இருக்கான்னு எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?"

வீட்டில் வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. தீக்குச்சி கிழித்து வைத்தால் நல்ல சரக்கு நீலமாக எரியும் என்று ஒரு வைத்தியம் சொல்வார்கள். எத்தனாலும் நீலமாக எரியும், மெத்தனாலும் நீலமாக எரியும். அந்தச் சோதனை சரக்கில் தண்ணீர் எவ்வளவு என்பதைத்தான் சொல்லும். காய்ச்சும்போது கோளாறாகி மெத்தனால் வந்துவிட்டது என்பதும் பெரும்பாலும் கதைதான். வெல்லத்தையும் பட்டையையும் ஊறவைத்துக் காய்ச்சினால் வருகிற மெத்தனால் மிகக் கொஞ்சம். இப்படிக் கொத்துக்கொத்தாகச் சாவு விழுகிறது என்றால் தொழிற்சாலை மெத்தனாலை யாரோ கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள் என்று பொருள். தின்னர், பிசின், ஃபார்மலின் தயாரிக்க டேங்கரில் போகிற சரக்கு அது. சாராயம் காய்ச்ச அடுப்பும் ஊறலும் ராத்திரி முழுக்க ஆளும் வேண்டும். மெத்தனாலுக்குத் தண்ணீர் மட்டும் போதும். விற்கிறவன் அந்தக் கணக்கில்தான் கொல்கிறான்.

வடசென்னைக்கு இது புதிதல்ல. 1971 வரை இருந்த மதுவிலக்குக் காலத்தில் வார்னிஷ் குடித்த கதைகளை எங்கள் தெருப் பெரியவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மர பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது. அரக்கு ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது. பாலிஷில் தண்ணீரையும் உப்பையும் போட்டுக் கலக்கினால் அரக்கு திரிந்து அடியில் தங்கும். மேலே நிற்பதைத் துணியில் வடித்துக் குடிப்பார்களாம். வேதியியல் என்ற முறையில் பார்த்தால் அபாரமான பிரித்தெடுப்பு. ஆனால் யாரும் குடித்துவிடக் கூடாது என்றே அந்த ஸ்பிரிட்டில் கசப்பும் நாற்றமும் சேர்ப்பார்கள், சில வகைகளில் மெத்தனாலே சேர்ப்பார்கள். துணியில் வடித்தால் அரக்கு போகும், மெத்தனால் போகாது. சிரித்துக்கொண்டே கதை சொல்கிற தாத்தா, அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்குக் கண் போனதைக் கடைசியில்தான் சொன்னார்.

மெத்தனாலுக்கு மாற்று மருந்து எத்தனால் என்று கேள்விப்பட்டால் பலருக்கு வாய் பிளக்கும். காரணம் ரொம்ப எளிது. அந்த நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால்மேல் பாசம் அதிகம். ரேஷன் கடை வரிசையில் தெரிந்தவரை முன்னால் விடுகிற மாதிரி எத்தனாலை முதலில் எடுத்துக்கொள்ளும், மெத்தனால் வெளியே காத்துக் கிடக்கும். மெத்தனால் மாறாமல் இருக்கும்வரை அது பெரிய ஆபத்தில்லை. அந்த அவகாசத்தில் டயாலிசிஸ் செய்து அதை வெளியேற்றிவிடுவார்கள். ஃபோமெபிசோல் என்ற ஊசி இதே வேலையை நொதியை நேரடியாக அடைத்துச் செய்யும், ஆனால் விலை எக்கச்சக்கம். இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டிலேயே குவார்ட்டர் கொடுத்துக் காப்பாற்றக் கிளம்பிவிடப் போகிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் சேர்ந்துவிட்ட அமிலத்தைக் குவார்ட்டர் ஒன்றும் செய்யாது. வயிற்றுவலி, வாந்தி, பார்வை மங்கல், இதில் ஒன்று வந்தாலும் ஆஸ்பத்திரிதான். கூடக் குடித்தவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

இந்தக் குடும்பத்தில் எனக்கு அதிகம் பயம் தருவது சாராயப் பக்கம் இல்லை, சிரப் பக்கம். டைஎத்திலீன் கிளைக்கால் என்று ஒன்று உண்டு. இனிப்பாக இருக்கும், கெட்டியாக இருக்கும், புரொப்பிலீன் கிளைக்காலையும் கிளிசரினையும்விட விலை குறைவு. கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே போனால் அதே கல்லீரல், அதே நொதி. புரொப்பிலீன் கிளைக்கால் லாக்டிக் அமிலமாக மாறும். ஓடி விளையாடும்போது நம் தசையிலேயே உண்டாகிற பொருள், உடம்புக்குப் பழக்கமானது. டைஎத்திலீன் கிளைக்கால் டைகிளைகாலிக் அமிலமாக மாறும். அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களைச் சாகடிக்கும். குழந்தைக்கு மூத்திரம் நின்றுபோகும்.

1937-ல் அமெரிக்காவில் சல்ஃபா மருந்தை இதில் கரைத்து விற்று 100-க்கும் மேற்பட்டோர் செத்தபிறகுதான் அங்கே மருந்துச் சட்டமே இறுகியது. 1972-ல் இதே மெட்ராஸில் 15 குழந்தைகள் இதனால் இறந்தன. அதற்குப் பிறகு மும்பை, குர்கான், காம்பியா என்று ஊர் மாறியதே தவிர விஷம் மாறவில்லை. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராப் பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்ற இருமல் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. சோதித்துப் பார்த்ததில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால். அனுமதி 0.1 சதவீதம். இது ஏதோ துளி கலந்துவிட்ட கதை இல்லை, பாட்டிலில் பாதி அதுதான். கரைப்பான் டிரம் வந்து இறங்கும்போது அதிலிருந்து ஒரு மாதிரி எடுத்துச் சோதித்திருந்தால் போதும். அந்தச் செய்தி வந்த அன்று குழந்தைகளுக்கான சிரப்புகளை எல்லாம் இறக்கிக் கவுன்டரில் அடுக்கி பேட்ச் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லேபிளைத்தான் என்னால் படிக்க முடியும். உள்ளே இருப்பதைப் படிக்க எந்த மருந்துக்கடையிலும் கருவி கிடையாது. எனக்கு வந்த கோபம் அதுதான். நாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சளி இருமல் சிரப் கேட்டு வந்தால் சீட்டு இல்லாமல் நான் எதுவும் தருவதில்லை, அந்த வயதில் அதனால் பெரிய பலனும் இல்லை. சில அம்மாக்கள் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

எத்திலீன் கிளைக்கால் வண்டி ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட். அது உள்ளே ஆக்சாலிக் அமிலமாகி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் ஊசி ஊசியாகப் படியும். மணலி பக்கம் வண்டிப் பட்டறைகளில் இதைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கிறார்கள். பச்சை நிறம், இனிப்பு ருசி, விளையாடுகிற குழந்தை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் எழுதுகிறேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இந்த வரிசையில் வேறு மாதிரி. அது அசிட்டோன் ஆவதோடு அந்தப் பாதை நின்றுவிடும், கடும் அமிலம் உண்டாகாது. அதற்காக அதைக் குடிக்கலாம் என்றில்லை. எத்தனாலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பலமாக மூளையை அடக்கும். 2020 ஜூலையில் ஆந்திராவின் குரிச்சேடுவில் சானிடைசர் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் செத்ததை இங்கே எல்லோரும் படித்தார்கள்.

அந்த வருஷத்து லாக்டவுன்தான் எனக்குக் குடியின் இன்னொரு முகத்தைக் காட்டியது. மார்ச் கடைசியில் மூடிய டாஸ்மாக் சென்னையில் ஆகஸ்ட் 18-ம் தேதிதான் திறந்தது. மருந்துக்கடை மூடவேயில்லை. மூடிய இரண்டாம் மூன்றாம் நாளே, பேனா பிடிக்க முடியாமல் கை நடுங்குகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். தூக்கமில்லை, வியர்க்கிறது, சுவரில் எறும்பு ஊர்கிறது என்றார்கள். சுவரில் எறும்பு இருக்காது. வருஷக்கணக்கில் எத்தனால் மூளையை அமுக்கி அமுக்கி, மூளை அதற்கு எதிராக எப்போதும் எகிறிக்கொண்டே இருக்கப் பழகியிருக்கும். அமுக்குகிற கை திடீரென்று விலகினால் எகிறல் மட்டும் மிஞ்சும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் பிதற்றல் வரலாம், சிலர் செத்தும் போவார்கள். 'மனசு வெச்சா ஒரே நாள்ல விட்டுடலாம்' என்று வாயால் சொல்வது சுலபம். தினம் முழு பாட்டில் குடிக்கிறவர் ஒரே நாளில் விடுவது மருத்துவர் பார்வையில்தான் நடக்க வேண்டும். கூடவே வைட்டமின் பி1, அதாவது தயமின். குடிக்கிறவர்களுக்கு அது வற்றிப் போயிருக்கும். தயமின் கொடுக்காமல் முதலில் குளுக்கோஸ் ஏற்றினால் இருக்கிற கொஞ்சமும் செலவாகி மூளை நிரந்தரமாகக் கெடலாம். 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் போட்டு விடுங்க' என்று கேட்கிற பழக்கம் நம்மிடம் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எனக்கு மாதாமாதம் தவறாமல் வருகிற கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. கேட்பது எப்போதும் பெண்கள். கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, சாப்பாட்டுல கலந்து குடுக்குற மாத்திரை இருக்குதாமே" என்பார்கள். குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம் என்று விளம்பரம் செய்கிற பொடிகள் சிலவற்றில் என்ன இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் டைசல்ஃபிரம்.

அதன் கதை சுவாரசியமானது. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கிற ஒரு ரசாயனத்தில் வேலை செய்தவர்களுக்கு ஒரு பீர் குடித்தாலே முகம் சிவந்து குமட்டுகிறது என்று 1937-ல் அமெரிக்க மருத்துவர் ஒருவர் எழுதி வைத்தார். திருவொற்றியூரில் டயர் ஆலையைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் எனக்கு இந்த இடம் பிடிக்கும். அப்புறம் டென்மார்க்கில் ஹால்ட், யாக்கப்சன் என்ற இருவர் அதே குடும்பத்துப் பொருளைக் குடல்புழு மருந்தாகத் தங்கள் உடம்பிலேயே சோதித்துக்கொண்டிருந்தபோது, மது குடித்ததும் அவர்களுக்கும் அதே கதி. 1948-ல் அது குடியை விடும் மருந்தாக வெளியே வந்தது. செய்கிற வேலை இதுதான்: அசிட்டால்டிஹைடை அசிட்டேட் ஆக்குகிற இரண்டாவது நொதியை முடக்கிவிடும். முரட்டுப் பயல் ரத்தத்தில் அப்படியே நிற்பான். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். சீன, ஜப்பான் மக்களில் பலருக்கு இந்த நொதி பிறவியிலேயே மந்தமாக இருப்பதால் கொஞ்சம் குடித்தாலே முகம் சிவந்துவிடும்.

தான் இந்த மருந்தில் இருக்கிறோம் என்று தெரிந்தவர் பயத்தில் குடிக்க மாட்டார். மருந்து வேலை செய்வதே அந்தப் பயத்தால்தான். தெரியாதவர் வழக்கம்போலக் குவார்ட்டரை உடைப்பார். 61 கிராம் எத்தனால், அத்தனையும் அசிட்டால்டிஹைடாகி வழியில்லாமல் நிற்கும். ஏற்கெனவே இதயம் பலவீனமானவர் என்றால் உயிரே போகலாம். போட்டு ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம்வரைகூட அதன் வேலை உடம்பில் இருக்கும். இதையெல்லாம் சொன்னால் அந்தப் பெண்கள் பேசாமல் நிற்பார்கள். அடி வாங்கி, சம்பளப் பணம் போய், எல்லா வழியும் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கடைக்கு வந்திருக்கிறார்கள். "அது கெடுதல்" என்று மட்டும் சொல்லி அனுப்ப மனசு வராது.

ஸ்டான்லியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது, போதையிலிருந்து மீள உதவுகிற 14446 என்ற இலவச எண் இருக்கிறது. அவர் வரமாட்டார் என்றால் முதல் தடவை நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள் என்று சீட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பேன். சிலர் போயிருக்கிறார்கள். ஒரு அம்மா வீட்டுக்காரரையே கூட்டிக்கொண்டு போய், அவருக்குத் தெரிந்தே மாத்திரையை ஆரம்பித்து, இப்போது சீட்டோடு அவரே வந்து வாங்கிப் போகிறார். காசு கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார், கூச்சம். ஆனால் 'தெரியாமல் கலந்து கொடுக்கலாம்' நோட்டீஸ் இன்னும் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஒட்டியிருக்கிறது, அதுவும் லேடீஸ் கோச்சாகப் பார்த்து. உட்கார இடம் கிடைத்து, கைக்கும் எட்டினால் கொருக்குப்பேட்டை வருவதற்குள் கிழித்துவிடுவேன்.